படம் ஓடவில்லை, டிஸ்க் தெரியவில்லை, வசனவரி பொருந்தவில்லை: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

வீட்டில் எடுத்த காணொளிகளையும் விலை கொடுத்து வாங்கிய படங்களையும் ஒரே ஹார்ட் டிஸ்கில் சேர்த்துவைத்து, அதைக் கணினியிலும் தொலைக்காட்சியிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பார்ப்பவர்களுக்கு வரும் கோளாறுகள் ஏறக்குறைய ஒரே வகையானவை. உறவினர்களும் நண்பர்களும் கொண்டுவந்து தரும் டிஸ்குகளைப் பல ஆண்டுகளாகச் சரிசெய்து வருகிறேன். தானாகக் கெட்டுப்போய் என்னிடம் வந்த டிஸ்குகளைவிட, அவசரத்தில் யாரோ 'ஃபார்மட்' பொத்தானை அழுத்தியதால் காலியாகி வந்தவைதான் அதிகம். ஆகவே கீழே எந்த அறிகுறிக்கு நேராகப் போனாலும் இரண்டைச் செய்யாதிருங்கள்: திரையில் எந்தக் கேள்வி வந்தாலும் ஃபார்மட் செய்யச் சம்மதிக்க வேண்டாம், அடையாளம் தெரியாத எதையும் இருமுறை சொடுக்கித் திறக்க வேண்டாம்.

## அறிகுறி: ஃபோல்டர்கள் மறைந்துவிட்டன, அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டுகள் மட்டும் தெரிகின்றன

ஒருநாள் என் சித்தி ஒரு டிஸ்கைக் கொண்டுவந்து, மகளின் அரங்கேற்றப் பதிவு முழுவதும் அழிந்துவிட்டது என்று கண் கலங்கினார். திறந்து பார்த்தால் இரண்டே சின்னங்கள். ஒவ்வொன்றும் 2 கிலோபைட்டுக்கும் குறைவு. ஆனால் டிஸ்கின் 'ப்ராப்பர்டீஸ்' பக்கம் 180 ஜிகாபைட் இடம் நிரம்பியிருப்பதாகக் காட்டியது. இரண்டு சின்னங்கள் 180 ஜிகாபைட்டை அடைத்துக்கொள்ள முடியாது. எனவே எதுவும் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கிறது என்று அந்த ஒரு எண்ணிலிருந்தே அவருக்குச் சொல்ல முடிந்தது. நீங்களும் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்.

இது பென் டிரைவ் வழியாகப் பரவும் ஒருவகை வைரஸின் வேலை. உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கும். அதைச் சொடுக்கினால் வைரஸையும் இயக்கிவிட்டு ஃபோல்டரையும் திறந்து காட்டும். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. சரிசெய்வதில் வரிசை முக்கியம்.

முதலில் கணினியைச் சுத்தம் செய்ய வேண்டும், பிறகுதான் டிஸ்கை. வரிசை மாறினால் சுத்தமான டிஸ்கை அசுத்தமான கணினி மறுபடியும் கெடுக்கும். விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரே இதற்குப் போதும். அதை இணையத்தில் புதுப்பித்துவிட்டு 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுத்தால், கணினி தானே அணைந்து எழுந்து, விண்டோஸ் முழுதாக இயங்கத் தொடங்குமுன் சோதித்துவிடும். அது முடிந்த பின் டிஸ்கைச் செருகி, அதன் சின்னத்தின் மேல் வலது சொடுக்கு செய்து, அந்த டிஸ்கை மட்டும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கணினிக்குக் கொடுக்கும் பொதுவான ஸ்கேன் வெளியிலிருந்து செருகிய டிஸ்கையும் சேர்த்துப் பார்த்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

அடுத்து, ஃபோல்டர் அமைப்புகளில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, 'பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறை' என்ற பொருள் தரும் பெட்டியிலிருக்கும் குறியையும் எடுங்கள். இப்போது மங்கலான நிறத்தில் பழைய ஃபோல்டர்கள் தெரியும். சில வகை வைரஸ்கள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளியிருக்கும். அந்த மங்கலான ஃபோல்டரையே நகலெடுத்தால் மறைப்புக் குணமும் கூடவே வந்துவிடும். ஆகவே அதன் உள்ளே சென்று காணொளிக் கோப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து, கணினியில் புதிதாக உருவாக்கிய ஒரு ஃபோல்டரில் ஒட்டுங்கள். நகல்கள் ஓடுகின்றன என்று நான்கைந்தைத் திறந்து உறுதிசெய்த பிறகு டிஸ்கை ஃபார்மட் செய்யலாம். முதலில் சொன்ன தடை நீங்குவது இந்த இடத்தில்தான். சித்தியின் டிஸ்கில் ஒரு நிமிடப் பதிவுகூடக் குறையவில்லை.

வல்லுநரை அழைக்க வேண்டிய நிலை: கணினியை இப்படிச் சுத்தம் செய்த பிறகும், புதிய பென் டிரைவ் ஒன்றைச் செருகியதும் அதிலும் ஷார்ட்கட்டுகள் முளைத்தால். காணொளிகள் மறைவதற்குப் பதிலாக அவற்றின் பெயருக்குப் பின்னால் அறியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டு, பணம் கேட்கும் குறிப்பு ஒன்றும் கிடந்தால் அது வேறு நோய். உடனே இணையத்தைத் துண்டியுங்கள். காப்பு நகல் உள்ள டிஸ்கை அந்தக் கணினியில் செருகவே வேண்டாம். பணம் அனுப்பும் முன், ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' திட்டத்தின் தளத்தில், உங்கள் கோப்பைப் பூட்டிய வகைக்கு இலவசத் திறவுகோல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி வல்லுநரிடம் கேளுங்கள்.

## அறிகுறி: படம் என்று வந்த கோப்பு திறக்கவில்லை, அல்லது திறக்க வேறு ஏதோ கேட்கிறது

செலவே இல்லாத சோதனை, கோப்பின் பெயரை முழுதாகப் படிப்பது. விண்டோஸ் வழக்கமாகக் கோப்பின் கடைசி விகுதியை மறைத்துவைக்கும். எனவே எம்பி4 என்று முடிவதுபோல் தெரியும் பெயருக்குப் பின்னால் இஎக்ஸ்இ என்ற இன்னொரு விகுதி ஒளிந்திருக்கலாம். 'வியூ' பட்டியலில் விகுதிகளைக் காட்டும் தேர்வை இன்றே இயக்கிவைத்துக்கொள்ளுங்கள். எம்பி4, எம்கேவி, ஏவிஐ போன்றவை காணொளி விகுதிகள். இஎக்ஸ்இ, எஸ்சிஆர், விபிஎஸ், ஜேஎஸ் என்று முடிபவை நிரல்கள். அவற்றின் சின்னம் எவ்வளவு அழகான ஃபிலிம் சுருளாக இருந்தாலும் அவை படம் அல்ல. ஷார்ட்கட்டின் விகுதியை மட்டும் விண்டோஸ் இந்தத் தேர்வை இயக்கிய பிறகும் காட்டாது. அதற்குச் சின்னத்தின் மூலையில் உள்ள சிறிய அம்புதான் அடையாளம்.

அடுத்தது எடை. விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் பதிவான படம் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2.25 ஜிகாபைட் பிடிக்கும். வெகுவாகச் சுருக்கினாலும் இரண்டு மணி நேரப் படம் சில நூறு மெகாபைட்டுக்குக் கீழே போய்ப் பார்க்கத் தகுந்ததாக இராது. முழுநீளப் படம் 3 மெகாபைட்டில் இருக்கிறது என்றால் அதைத் திறந்து பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும் என்பதில்லை.

கடவுச்சொல் இட்ட ஸிப் கோப்பாகப் படம் வந்திருந்தால் அதைச் சந்தேகிப்பது நியாயம், ஏனென்றால் பூட்டிய பெட்டிக்குள் வைரஸ் எதிர்ப்பு நிரலால் எட்டிப் பார்க்க முடியாது. படத்தைத் திறந்ததும் 'கோடெக் (சுருக்கிய காட்சியையும் ஒலியையும் விரித்துக் காட்டும் நிரல்) இறக்குங்கள்', 'உரிமம் பெறுங்கள்' என்று ஒரு வலைப்பக்கத்துக்கு அழைத்தால் அங்கேயே மூடிவிடுங்கள். விஎல்சி போன்ற இயக்கி, அதாவது படங்களை ஓட்டிக் காட்டும் நிரல், வழக்கமான எல்லா வடிவங்களுக்கும் வேண்டியதைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. அதில் ஓடாத படத்துக்கு மூன்றாம் நபர் தரும் கோடெக் தீர்வாகாது.

இன்னும் ஐயம் இருந்தால் வைரஸ்டோட்டல் தளத்தில் பல நிறுவனங்களின் சோதனையை ஒரே நேரத்தில் செய்யலாம். அங்கே 650 மெகாபைட் வரைதான் ஏற்றலாம் என்பதால் முழுப் படம் போகாது. ஆனால் நம்மை ஏமாற்ற வரும் கோப்புகள் சிறியவையே, அவை தாராளமாகப் போகும். அங்கு ஏற்றும் கோப்பு பாதுகாப்பு ஆய்வாளர்களின் கைக்கும் செல்லும் என்பதால், குடும்பக் காணொளிகளை அங்கே ஏற்றவே வேண்டாம்.

வசனவரி (சப்டைட்டில்) கோப்பையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் எழுத்துக் கோப்புதானே என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். 2017 மே மாதம் செக் பாயிண்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தீய நோக்கோடு எழுதிய வசனவரிக் கோப்பைக் கொண்டு விஎல்சி, 'கோடி' (Kodi) உள்ளிட்ட இயக்கிகள் வழியே கணினியைக் கைப்பற்ற முடியும் என்று காட்டினார்கள். அந்த ஓட்டைகள் அடைக்கப்பட்டுவிட்டன. அடைத்த பதிப்பு உங்கள் கணினியில் இருக்க வேண்டும் என்றால், இயக்கியைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பை ஒவ்வொரு முறையும் ஒதுக்கித்தள்ளாதிருக்க வேண்டும்.

## அறிகுறி: தொலைக்காட்சியில் வந்த கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் பணம் கேட்கிறது

படச் சேவையில் நுழைவதற்காகத் திரையில் வரும் குறியீட்டை ஸ்கேன் செய்ததும் ஃபோன் ஒரு முகவரியைக் காட்டும். சொடுக்குமுன் அது அந்தச் சேவையின் சொந்த முகவரிதானா என்று எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஐயம் வந்தால் குறியீட்டை விட்டுவிட்டு, முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, திரையில் உள்ள எண்ணை இடுங்கள்; பலன் ஒன்றுதான். சந்தா வேறு, சாதனத்தை இணைப்பது வேறு. இணைப்பதற்கென்று தனிக் கட்டணம் கேட்கும் பக்கமும், உதவி எண் என்று தேடலில் கிடைத்து 'திரையைப் பகிரும் செயலியை நிறுவுங்கள்' என்று சொல்லும் குரலும் மோசடியே. வேறொருவர் அனுப்பிய நுழைவுக் குறியீட்டை ஸ்கேன் செய்து ஒப்புதல் கொடுத்தால், உங்கள் கணக்கில் நுழைவது அவருடைய தொலைக்காட்சியாக இருக்கும்.

அட்டை விவரம் கொடுத்துவிட்டிருந்தால் அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணில் வங்கியை உடனே அழையுங்கள். கடவுச்சொல்லை மாற்றுவதும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுவதும் அதன் பிறகு.

## அறிகுறி: கணினியில் தெரியும் டிஸ்க் தொலைக்காட்சியில் தெரியவில்லை

எளிய காரணம் மின்சாரம். யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியர் தருவதற்கென வகுக்கப்பட்டது, 3.0 துளைக்கு அது 900. சுழலும் டிஸ்குக்கு முதலாவது பல நேரங்களில் போதாது. விளக்கு எரியும், டிஸ்க் சுழலத் தொடங்கி நின்றுவிடும். தொலைக்காட்சியின் பின்புறம் ஹார்ட் டிஸ்குக்கு என்றோ 1 ஆம்பியர் என்றோ எழுதிய துளை இருந்தால் அதில் செருகுங்கள். நீளமான கம்பியை மாற்றிக் குட்டையானதைப் போட்டுப் பாருங்கள். அதுவும் பலிக்காவிட்டால் தனி மின்னிணைப்பு உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்று வாங்க வேண்டியிருக்கும். பென் டிரைவ் ஓடுகிறது, ஹார்ட் டிஸ்க் மட்டும் ஓடவில்லை என்றால் ஏறக்குறைய இதுவே காரணம்.

மின்சாரம் சரி என்றால் அடுத்து டிஸ்கின் வடிவமைப்பு, அதாவது கோப்புகளை அதில் அடுக்கிவைக்கும் முறை. ஃபேட்32-ஐ ஏறக்குறைய எல்லாத் தொலைக்காட்சிகளும் படிக்கும். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டையும் எல்லாம் படிப்பதில்லை. தொலைக்காட்சியின் கையேட்டில் ஆதரவுப் பட்டியல் இருக்கும். 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்குகள் பெரும்பாலும் ஜிபிடி என்ற பிரிப்புமுறையில் (டிஸ்கைப் பகுதிகளாகப் பிரித்துக் குறித்துவைக்கும் முறை) வருவதால் பழைய தொலைக்காட்சிகள் பல அவற்றை அறவே அறியமாட்டா. அங்கே சிறிய டிஸ்க் ஒன்றுதான் வழி.

இந்த இடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும் வசதி கொண்ட சில தொலைக்காட்சிகள், புதிய டிஸ்கைக் கண்டதும் 'இந்தச் சாதனத்தைத் தயார் செய்யவா?' என்று பணிவாகக் கேட்கும். சம்மதித்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்து, டிஸ்க் அந்தத் தொலைக்காட்சிக்கு மட்டும் உரியதாகிவிடும். வீட்டில் ரிமோட்டைத் தொடும் எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

## அறிகுறி: இடம் இருந்தும் பெரிய படத்தை நகலெடுக்க முடியவில்லை

காரணம் ஒன்றே: ஃபேட்32 அமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தொட முடியாது. உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டாக மாற்றினால் தீரும். ஆனால் எக்ஸ்ஃபேட்டுக்கு என்டிஎஃப்எஸ் போல மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு இல்லை என்பதால், எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் சேதம் அதிகம். 'எஜெக்ட்' கொடுத்துவிட்டு எடுங்கள்.

## அறிகுறி: படம் தெரிகிறது, ஒலி இல்லை, அல்லது ஒலி மட்டும் வருகிறது

கணினியில் விஎல்சியில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் ஒலி இல்லை என்றால் கோப்பே குறையுள்ளது. அங்கே நன்றாக ஓடினால் குறை தொலைக்காட்சியின் ஆதரவில் இருக்கிறது. விஎல்சியின் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் ஒலியின் வடிவம் டிடிஎஸ் என்று இருந்தால், பல தொலைக்காட்சிகள் அதற்கு வாய் திறக்காது. கோப்பில் வேறு ஒலித்தடம் இருக்கிறதா என்று ரிமோட்டில் மாற்றிப் பாருங்கள். இல்லையெனில் எஃப்எஃப்எம்பெக் போன்ற கருவியில் காட்சியை அப்படியே நகலெடுத்து, ஒலியை மட்டும் ஏஏசி வடிவுக்கு மாற்றலாம். காட்சியைத் தொடாததால் தரம் குறையாது, நேரமும் அதிகம் ஆகாது.

ஒலி வந்து காட்சி இருண்டிருந்தால் காட்சி 2013-இல் வந்த எச்.265 வடிவமாக இருக்கலாம். அதற்கு முந்தைய தொலைக்காட்சிகளுக்கு எச்.264 வரைதான் தெரியும். காட்சியை மாற்ற மணிக்கணக்கில் ஆகும், தரமும் சற்று இழக்கும். என் கருத்தில், படங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பதைவிடத் தொலைக்காட்சியில் செருகும் சிறிய இயக்கிச் சாதனம் ஒன்றை வாங்கிவிடுவது மேல்.

## அறிகுறி: வசனவரி வருகிறது, ஆனால் தவறாக வருகிறது

வசனவரியே தெரியவில்லை என்றால் முதலில் பெயரைப் பாருங்கள். படக்கோப்பும் எஸ்ஆர்டி என்று முடியும் வசனவரிக் கோப்பும் ஒரே ஃபோல்டரில், விகுதி தவிர எழுத்துக்கு எழுத்து ஒரே பெயரில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு இடைவெளி கூடினாலும் தொலைக்காட்சி கண்டுகொள்ளாது.

தமிழுக்குப் பதிலாகக் குப்பை எழுத்துகள் வருகின்றன என்றால் அந்தக் குப்பையை உற்றுப் பாருங்கள், அதிலேயே விடை இருக்கிறது. தலையில் சாய்கோடு இட்ட ஆங்கில 'ஏ' எழுத்தும், வட்டத்துக்குள் 'ஆர்' என்ற பதிவுக் குறியும் திரும்பத் திரும்ப வந்தால் கோப்பு நல்ல கோப்பு. யூடிஎஃப்-8 என்ற குறியாக்க (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும்) முறையில் எழுதிய ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. பாதித் தமிழ்க் குறிகளுக்கு முதல் இரண்டு பைட்டுகள் எப்போதும் ஒன்றே. அவற்றை இலத்தீன் எழுத்தாகத் தவறிப் படித்தால் அந்தச் சோடிதான் தெரியும். இயக்கியின் வசனவரி அமைப்பில் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று மாற்றினால் தமிழ் வந்துவிடும். வெறும் ஆங்கில எழுத்துகள் பொருளின்றிக் கலந்து வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. எழுத்துரு மாற்றியில் யூனிகோடுக்கு மாற்றிச் சேமிக்க வேண்டும். கேள்விக்குறிகள் மட்டும் வந்தால், அந்தக் கோப்பை யாரோ தவறான குறியாக்கத்தில் சேமித்து எழுத்துகளை இழந்துவிட்டார்கள். அதை மீட்க வழியில்லை, வேறு கோப்பு தேட வேண்டியதுதான். கணினியில் சரியாக வந்து தொலைக்காட்சியில் மட்டும் கட்டங்களாகத் தெரிந்தால் தொலைக்காட்சியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள்.

நேரம் பொருந்தவில்லை என்றால் இரண்டு இடங்களில் சோதியுங்கள்: படத்தின் தொடக்கத்தில் ஒரு வசனம், இறுதியில் ஒரு வசனம். இரண்டிலும் பிசகு ஒரே அளவு என்றால், விஎல்சியில் 'ஜி', 'எச்' விசைகள் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் 50 மில்லிவிநாடி முன்பின் நகர்த்தும். தொடக்கத்தில் பொருந்தி, போகப் போக விலகினால் நகர்த்திப் பயனில்லை. விநாடிக்கு 25 சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடும் பதிப்புக்கு எழுதிய வசனவரியை 23.976 சட்டங்கள் ஓடும் பதிப்பில் பொருத்தினால், 100 நிமிடப் படத்தின் முடிவில் விலகல் 4 நிமிடத்தைத் தாண்டிவிடும். சப்டைட்டில் எடிட் போன்ற இலவச நிரலில் சட்ட வேகத்தை மாற்றிச் சேமித்தால் முழுப் படத்துக்கும் ஒரேயடியாகச் சரியாகும். இடையில் ஓரிடத்தில் திடீரென்று விலகினால் உங்கள் பதிப்பில் ஒரு காட்சி வெட்டப்பட்டிருக்கிறது. அதே பதிப்புக்கான வசனவரியைத் தேடுவதே சிக்கனம்.

## அறிகுறி: நூலக நிரல் தவறான படத்தின் சுவரொட்டியைக் காட்டுகிறது

கோடி, ஜெல்லிஃபின், பிளெக்ஸ் போன்ற, படங்களைப் பட்டியலிட்டுக் காட்டும் நிரல்கள் ஃபோல்டர்களை ஸ்கேன் செய்யும்போது கோப்பின் பெயரைக் கொண்டுதான் படத்தை அடையாளம் காண்கின்றன. ஒரே தலைப்பில் பல பத்தாண்டு இடைவெளியில் படங்கள் வந்திருக்கும்போது பெயரில் ஆண்டு இல்லாவிட்டால் அவை ஊகிக்கவே செய்யும். ஒவ்வொரு படத்துக்கும் தனி ஃபோல்டர். ஃபோல்டருக்கும் கோப்புக்கும் பெயர், அடுத்து அடைப்புக்குறிக்குள் வெளியான ஆண்டு. இவ்வளவு போதும். பெயர் மாற்றிய பிறகு அந்தப் படத்தை மட்டும் மறுபடியும் அடையாளம் காணச் சொல்லுங்கள். வீட்டுக் காணொளிகளைத் தனி நூலகமாக, இணையத்தில் விவரம் தேடாத வகையாக வையுங்கள்; இல்லையேல் பிறந்தநாள் பதிவுக்கு ஏதோ ஒரு திகில் படத்தின் சுவரொட்டி வந்து நிற்கும்.

தமிழில் பெயரிடுபவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பல வலைச்சேமிப்புப் பெட்டிகள் (வீட்டு வலையில் இணைத்துக் கோப்புகளைச் சேமிக்கும் சாதனங்கள்) லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்குபவை. அங்கே கோப்புப் பெயரின் எல்லை 255 பைட். 'கு' என்பதில் ககரமும் உகரக் குறியும் சேர்ந்து 6 பைட்டுகள். ஆகவே ஆங்கிலத்தில் 255 எழுத்து கொள்ளும் இடத்தில் தமிழில் ஐம்பது அறுபது எழுத்தைத் தாண்டுவதற்குள் நகலெடுப்பு மறுக்கப்படலாம்.

## அறிகுறி: படம் பாதியில் நிற்கிறது, டிஸ்க் தட்டும் ஒலி தருகிறது

பென் டிரைவில் முதலில் போட்ட படங்கள் ஓடி, பிறகு போட்டவை ஓடாமல் போனால் அது பொய்க் கொள்ளளவு காட்டும் போலியாக இருக்கலாம். காலியாக்கிவிட்டு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலால் எழுதிப் படித்துச் சோதித்தால் உண்மை அளவு தெரியும். போலி என்று தெரிந்தால் அதைச் சரிசெய்ய முடியாது.

ஹார்ட் டிஸ்கில் ஒரே படம் ஒரே இடத்தில் நின்றால் கம்பியையும் துளையையும் மாற்றிப் பாருங்கள். அதன் பின்னும் நின்றால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ நிரலில், மாற்றிவைத்த செக்டர்கள் (டிஸ்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்), காத்திருக்கும் செக்டர்கள் ஆகிய இரண்டு வரிகளைப் பாருங்கள். இரண்டாவது சுழியமாக இல்லை என்றால் டிஸ்க் படிக்கத் தடுமாறுகிறது. அந்த நேரத்தில் வைரஸ் ஸ்கேனோ, விண்டோஸின் பிழைதிருத்தும் ஸ்கேனோ ஓட்ட வேண்டாம். மணிக்கணக்கில் டிஸ்கை உழைக்கவைக்கும் எந்த வேலையும் மீதமுள்ள ஆயுளைத் தின்றுவிடும். திரும்பக் கிடைக்காத குடும்பப் பதிவுகளை முதலிலும், மறுபடி பெறக்கூடிய படங்களைக் கடைசியிலும் நகலெடுங்கள்.

சீரான இடைவெளியில் 'டிக் டிக்' என்று தட்டும் ஒலி கேட்டாலோ, டிஸ்க் கீழே விழுந்த பிறகு தெரியாமல் போனாலோ, அந்தக் கணமே மின்சாரத்தைத் துண்டியுங்கள். இன்னொரு முறை செருகிப் பார்ப்பதுகூட உள்ளே தட்டில் கீறல் விழ வைக்கலாம். திறந்து பார்க்காதீர்கள், மீட்பு நிரல் எதையும் ஓட்டாதீர்கள். தரவு மீட்பையே தொழிலாகக் கொண்ட, தூசியற்ற அறை வசதி உள்ள நிலையத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்; செலவு புதிய டிஸ்கின் விலையைப்போல் பல மடங்கு ஆகலாம் என்பதால், மதிப்பீட்டை முதலில் எழுத்தில் கேளுங்கள். ஒப்படைக்கும்போது, எப்போது விழுந்தது, அதன் பின் எத்தனை முறை செருகினீர்கள், எந்த ஃபோல்டர் வேண்டும் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி டிஸ்கோடு சேர்த்துக் கொடுங்கள்.